பரணில் கிடந்த கிட்டார்: அது எது, எவ்வளவு பெறும்?

சென்ற மாதம் பெரம்பூரில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். பரணிலிருந்து இறக்கிய சாமான்களுக்கு நடுவே ஒரு கிட்டார். ஆறு கம்பியில் இரண்டுதான் மிச்சம்; மேலே கனத்த தூசி. ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல வாழ்ந்த பகுதி அது. அங்கே பரணில் கிட்டார் கிடைப்பதில் அதிசயமில்லை. காயலான் கடைக்குப் போகவிருந்ததை நாலாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். அதை மடியில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி ஒன்று கிடைத்தால், விற்பதற்கு முன்போ பழுது பார்ப்பதற்கு முன்போ ஒரு மணி நேரம் ஒதுக்கி இந்த வரிசையில் பாருங்கள்.

கையில் வேண்டியவை: செல்பேசி டார்ச், சிறிய முகம் பார்க்கும் கண்ணாடி, மில்லிமீட்டர் குறித்த இரும்பு அளவுகோல், நீளமான நேர்ச்சட்டம், ஒரு வெள்ளைத் தாள், உலர்ந்த மெல்லிய துணி.

முதலில் ஓர் எச்சரிக்கை

உலர்ந்த துணியால் தூசியைத் தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஈரத்துணி, தேங்காய் எண்ணெய், வார்னிஷ் எதுவும் வேண்டாம். பல வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு கிட்டாரை, அழகாக இருக்கட்டுமே என்று ஒரு தச்சுப் பட்டறையில் இழைத்து வார்னிஷ் அடிக்கக் கொடுத்தேன். பளபளவென்று திரும்பி வந்தது. அதன் பழைய பூச்சோடு பாதி விலையும் போய்விட்டதை, வாங்க வந்தவர் முகத்தைப் பார்த்த பிறகே புரிந்துகொண்டேன்.

படி 1: நைலானா, எஃகா?

தலைப்பகுதியை ஒட்டிக் கம்பிகள் உட்காரும் வெள்ளைப் பட்டையின் அகலத்தை அளந்து பாருங்கள். 52 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் அநேகமாக நைலான் கம்பி போடும் கிளாசிக்கல் கிட்டார். 43 மில்லிமீட்டரை ஒட்டியிருந்தால் எஃகுக் கம்பிக்கானது. இதை நிச்சயம் செய்துகொள்ளாமல் கம்பி மாட்டாதீர்கள். நைலானுக்கென்று செய்த உடலில் எஃகுக் கம்பியை முறுக்கினால், உடலின் மேல் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் என்ற கட்டை பலகையோடு பெயர்ந்து வரும்.

படி 2: தலையில் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டிப் படியுங்கள்

கிப்சன் அமெரிக்க நிறுவனம். மிச்சிகன் மாநிலத்துக் கலமசூவில் 1902இல் தொடங்கியது. கிவ்சன் கொல்கத்தாவின் கிட்டார். நடுவில் ஒரே ஓர் எழுத்துதான் வேறு. அதேபோல ஹோஃப்னர் ஜெர்மனியுடையது, ஹோப்னர் கொல்கத்தாவுடையது. கொல்கத்தாக் கிட்டார்களை நான் குறைவாக நினைக்கவில்லை. நம் நாட்டில் எத்தனையோ பேர் முதல் சுரக்கூட்டைப் பிடித்தது அவற்றில்தான். ஆனால் சேகரிப்பாளர் தரும் விலைக்கு இந்த ஓர் எழுத்து மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். விற்பவர் சொல்லும் பெயரைக் கேட்டு மனம் பறக்காமல், டார்ச் அடித்து நீங்களே படியுங்கள். தலையிலுள்ள பெயரைப் பின்னால் ஒருவர் ஒட்டியிருக்கவும் கூடும். அதனால் அடுத்த படிதான் எனக்கு முக்கியம்.

படி 3: வயிற்றுக்குள் பாருங்கள்

ஒலித்துளை வழியே டார்ச் அடித்தேன். உள்ளே, முதுகுப் பலகையில் ஒரு சிவப்பு லேபிள். ஓரம் பழுத்து, ஒரு மூலையைப் பூச்சி அரித்திருந்தது. எழுத்து மட்டும் தெளிவாக இருந்தது: நிப்பான் காக்கி, எஃப்ஜி 180. எனக்கு மூச்சே ஒரு கணம் நின்றது.

நிப்பான் காக்கி என்பது யமஹாவின் பழைய பெயர். ஜப்பானின் ஹமமட்சு நகரில் 1897இல் அந்தப் பெயரில் நிறுவப்பட்டது. 1987இல்தான் யமஹா கார்ப்பரேஷன் ஆனது. எஃப்ஜி வரிசை 1966இல் வெளிவந்தது, அதன் முதல் சில வருடங்களின் அடையாளம் இந்தச் சிவப்பு லேபிள். 1969இல் அமெரிக்காவின் உட்ஸ்டாக் இசைவிழா மேடையில் பாடகர் கன்ட்ரி ஜோ மெக்டொனால்டு தனியாக வாசித்ததும் இந்த வரிசையின் எஃப்ஜி 150தான்.

இனி கண்ணாடியை உள்ளே விட்டு, கழுத்து உடலோடு சேரும் மரக்கட்டையைப் பாருங்கள். ஜப்பானில் செய்த இத்தகைய கிட்டார்கள் சிலவற்றில் அங்கே மையால் தேதி குத்தியிருப்பார்கள். என்னுடையதில் 44 என்று தொடங்கியது. 1944 என்று எண்ணிவிடாதீர்கள். அது ஜப்பானிய ஷோவா ஆண்டு, பேரரசரின் ஆட்சிக்காலத்தை வைத்து எண்ணும் கணக்கு. 1925ஐக் கூட்டினால் 1969.

மற்ற நிறுவனங்களுக்கு வேறு இடம், வேறு கணக்கு. அமெரிக்காவின் மார்ட்டின் கிட்டாரிலும் வரிசை எண் உள்ளே இதே மரக்கட்டையில்தான் இருக்கும். 1898இல் 8000 என்ற எண்ணிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள். கிப்சனில் 1977 முதல் 2005 வரை தலையின் பின்புறம் பெரும்பாலும் எட்டு இலக்கம் வரும். முதல் இலக்கமும் ஐந்தாவது இலக்கமும் சேர்ந்து வருடம். நடுவிலுள்ள மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. 80832015 என்றால் 1982ஆம் ஆண்டின் 83ஆவது நாள், அதாவது மார்ச் 24. இன்னோர் அமெரிக்க நிறுவனமான ஃபெண்டரின் எழுபதுகளின் பிற்பகுதிக் கிட்டார்களில் எண்ணுக்கு முன் ‘எஸ்’ இருக்கும். எஸ்7 என்றால் ஏறக்குறைய 1977. எலக்ட்ரிக் கிட்டாராக இருந்தால், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் அடியிலுள்ள எண்ணையும் படியுங்கள். 1377633 என்றால் 137 அந்தப் பாகத்தைச் செய்த நிறுவனத்தின் குறியீடு, 76 வருடம், 33 வாரம். குமிழ் பிறப்பதற்கு முன் கிட்டார் பிறந்திருக்காது, யாராவது குமிழை மாற்றியிருந்தாலொழிய.

படி 4: மரம்

ஒலித்துளையின் விளிம்பில் விரலை வைத்து உற்றுப் பாருங்கள். மேலே ஓடும் மரவரி விளிம்பில் மடிந்து அப்படியே கீழே இறங்கினால் ஒரே பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். பொதுவாக ஒரே பலகைக்குத்தான் விலை கூடுதல். என் எஃப்ஜி 180இல் அடுக்குகள் தெரிகின்றன, இருந்தும் அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே பிளைவுட் என்றதும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பிரேசில் ரோஸ்வுட் என்று யாராவது சொன்னால் நிதானியுங்கள். மார்ட்டின் நிறுவனம் 1969இல் அந்த மரத்தை விட்டு இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. நீலகிரிப் பக்கம் வளரும் நம் ஈட்டி மரம்தான் அது. பிரேசில் மரத்துக்கு 1992 முதல் உலக வர்த்தகத்தில் கடுமையான கட்டுப்பாடு உண்டு. தக்க ஆவணம் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது.

படி 5: உடல்நிலை

விலையை உயர்த்துவதும் கவிழ்ப்பதும் இந்தப் படிதான். அவசரப்படாதீர்கள்.

கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டைகள்தான் ஃப்ரெட்டுகள். தலையிலிருந்து எண்ணிப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில், கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையிலுள்ள உயரத்தை அளந்து பாருங்கள். எஃகுக் கம்பிக் கிட்டாரில் மெல்லிய கம்பிப் பக்கம் 2 மில்லிமீட்டர், தடித்த கம்பிப் பக்கம் 2.5 முதல் 3 வரை இருந்தால் சுகம். என்னுடையதில் மிஞ்சியிருந்த தடித்த கம்பியின் கீழ் 4 மில்லிமீட்டர் இருந்தது. பல வருட இழுப்பில் கழுத்து முன்னால் சாய்ந்திருக்கலாம். சோதிக்க, நீளமான நேர்ச்சட்டத்தைக் ஃப்ரெட்டுகளின் மேல் கிடத்திப் பிரிட்ஜ் வரை கொண்டுபோங்கள். முனை பிரிட்ஜின் மேல்முகத்தைத் தொட்டால் கவலையில்லை. அதற்குக் கீழே முட்டினால், கழுத்தைக் கழற்றிக் கோணம் திருத்தி மறுபடி ஒட்ட வேண்டியிருக்கும். பழுதுகளில் செலவு பிடிப்பது இதுதான். என்னுடையது மேல்முகத்தை உரசி நின்றது. தப்பித்தேன், பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் வெள்ளைப் பட்டையைத் தேய்த்தாலே உயரம் இறங்கிவிடும்.

அடுத்து, வெள்ளைத் தாளின் முனையைப் பிரிட்ஜுக்கும் பலகைக்கும் இடையில் நுழைக்கப் பாருங்கள். நுழைந்தால் பசை விட்டிருக்கிறது. கடற்கரை ஊர்களின் ஈரப்பதத்தில் இது சகஜம், சரிசெய்யவும் முடியும். பிறகு விரல் முட்டியால் பலகை முழுவதும் மெல்லத் தட்டுங்கள். எங்காவது ‘கிர்’ரென்று அதிர்ந்தால் உள்ளே ஒரு தாங்குகட்டை விட்டுப்போயிருக்கும். விரிசல், ஃப்ரெட் தேய்மானம், கம்பியை முறுக்கும் டியூனர்களின் துரு எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: விலை

பழைய கருவிகள் விற்கும் ரீவெர்ப், ஈபே இணையதளங்களில் உங்கள் மாடலைத் தேடுங்கள். கேட்கும் விலையை நம்ப வேண்டாம். விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும்படி தேர்ந்தெடுத்து, உங்களுடையதைப் போன்ற நிலையில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். சிவப்பு லேபிள் எஃப்ஜி 180 வெளிநாட்டில் சில நூறு டாலருக்குப் போகிறது; அதே 1969இன் பிரேசில் ரோஸ்வுட் மார்ட்டின் டி-28 பல ஆயிரம் டாலர்.

அந்தத் தொகையிலிருந்து பழுதுச் செலவைக் கழியுங்கள். மாற்றிய டியூனர், புதிதாக அடித்த பூச்சு ஆகியவற்றுக்கு இன்னும் கொஞ்சம் கழியுங்கள். உள்ளூரில் விற்பதானால், பழைய கிட்டாரைத் தேடி வருகிறவர்கள் இங்கே குறைவு என்பதையும் கணக்கில் வையுங்கள். கழற்றிய பழைய டியூனர், திருகு எதையும் தூக்கிப் போடாமல் ஒரு பையில் போட்டுக் கிட்டாருடனே வையுங்கள். வாங்குகிறவர் அதற்கும் காசு தருவார்.

நான் விற்கப் போவதில்லை. பிரிட்ஜின் வெள்ளைப் பட்டையைத் தேய்த்தாயிற்று, மெல்லிய ரகக் கம்பியும் போட்டாயிற்று. வெகுகாலம் சும்மா கிடந்த மரம் என்பதால் இரண்டு சுரம் தாழ்த்தி வைத்து, ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டிருக்கிறேன். இன்று காலை இன்னும் அரைச்சுரம் பாக்கி.