வெளிநாட்டுக் கடற்கரைக்கு ஜோடியாகப் போகிறீர்களா? முதல் நாளை இப்படித் திட்டமிடுங்கள்

கடலோர விடுமுறையில் மற்ற நாட்களை அன்றன்று காலையில் யோசித்துக்கொள்ளலாம். முதல் நாளை மட்டும் கிளம்புவதற்கு முன்பே, வீட்டில் உட்கார்ந்து, இருவரும் சேர்ந்து முடிவு செய்துவிட வேண்டும். இறங்கிய அன்று இருவருமே தூக்கம் கெட்டு, பசியோடு, ஊர் தெரியாமல் நிற்பீர்கள். அந்த நிலையில் "இப்போ என்ன பண்ணலாம்?" என்று ஒருவர் கேட்டாலே போதும், பாதி நாள் மனஸ்தாபத்தில் போய்விடும். நானும் என் கணவரும் எந்த நாட்டுக் கடற்கரைக்குப் போனாலும் கீழே உள்ள வரிசைப்படிதான் முதல் நாளைக் கழிக்கிறோம். விசா, டிக்கெட், காப்பீடு, ஓட்டல் எல்லாம் முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: முன்கூட்டியே பேசி வைக்க வேண்டியவை

முதலில், யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவருக்கு இறங்கியதும் படுக்கையில் விழ வேண்டும், மற்றவருக்கு உடனே கடலைப் பார்க்க வேண்டும். இரண்டுமே நியாயம்தான். ஒருவர் தூங்கட்டும், மற்றவர் தனியாகக் கரையோரம் நடந்துவிட்டு வரட்டும். இதை முன்பே பேசிவிட்டால் யாரும் யாரையும் விட்டுவிட்டுப் போனதாக ஆகாது.

அடுத்து, வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். வழி பார்ப்பது ஒருவர், பணம் கொடுப்பது இன்னொருவர். இருவரும் ஒரே வரைபடத்தைப் பார்த்து ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவது இதனால் நிற்கும்.

மூன்றாவது, முதல் நாளுக்குப் பணம் கட்டி எதையும் முன்பதிவு செய்யாதீர்கள். படகுச் சவாரி, ஸ்நார்க்லிங் (மூச்சுக்குழாய் வைத்து நீந்திக் கடலடியைப் பார்ப்பது), ஆடம்பர இரவு உணவு எதுவும் வேண்டாம். விமானம் சில மணி நேரம் தாமதமானால் பணமும் போகும், மனநிலையும் போகும். நேர வித்தியாசமும் இருக்கிறது. உடம்பின் கடிகாரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும். கிழக்கு நோக்கிப் பறந்தவர்களுக்குப் பெரும்பாலும் இன்னும் சிரமம். முதல் நாளில் உடம்பு இன்னும் பழைய ஊர் நேரத்தில்தான் இருக்கும்.

படி 2: கைப்பைதான் முதல் நாள் பெட்டி

பெரும்பாலான ஓட்டல்களில் அறை மதியம் 2 அல்லது 3 மணிக்குத்தான் கிடைக்கும். காலையில் போய் இறங்கினால் பெட்டிகளை ரிசப்ஷனில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், நீங்கள் வெளியே நிற்பீர்கள். அதனால் நீச்சல் உடை, மெல்லிய துண்டு, செருப்பு, தொப்பி, சன்ஸ்கிரீன், ஒரு மாற்று உடை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். செக்-இன் பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் முதல் நாள் தப்பித்துவிடும்.

(பிற்சேர்க்கை: இந்தப் படியைப் பின்பற்றிய ஒரு வாசகரின் பெரிய சன்ஸ்கிரீன் பாட்டிலை விமான நிலையச் சோதனையில் எடுத்துவிட்டார்களாம். கைப்பையில் திரவமும் கிரீமும் 100 மில்லி கொள்ளளவுக்கு மேற்பட்ட பாட்டிலில் இருந்தால் பல விமான நிலையங்களில் விடமாட்டார்கள். பாதி காலியான 200 மில்லி பாட்டிலும் செல்லாது, பாட்டிலின் அளவுதான் கணக்கு. சிறிய பாட்டிலில் முதல் நாளுக்கு மட்டும் ஊற்றிக்கொள்ளுங்கள்.)

சன்ஸ்கிரீன் வாங்கும்போது பின்பக்கம் உள்ள பொருட்பட்டியலையும் பாருங்கள். பவளப்பாறைகளைக் காப்பதற்காக ஆக்ஸிபென்சோன், ஆக்டினோக்ஸேட் ஆகிய வேதிப்பொருட்களில் ஏதாவது ஒன்று கலந்த சன்ஸ்கிரீன் விற்பனையை ஹவாய் 2021 முதல் தடை செய்திருக்கிறது. பலாவ் தீவு நாட்டில் 2020 முதலே இத்தகைய தடை உண்டு. போகிற இடத்தில் தடை இல்லாவிட்டாலும் துத்தநாக ஆக்ஸைடு அடிப்படையிலானதைத்தான் நான் வாங்குவேன். தோலில் கொஞ்சம் வெள்ளையாகத் தெரியும். அதுவே ஒரு வசதி, எங்கே பூசாமல் விட்டோம் என்று கண்ணுக்குத் தெரியும்.

படி 3: விமான நிலையத்திலிருந்து அறை வரை

சீக்கிரம் கடந்துவிட வேண்டிய கட்டம் இது. இ-சிம்மை (அட்டை இல்லாமல் போனிலேயே பதியும் சிம்) கிளம்பும் முன்பே போனில் ஏற்றிவிடுங்கள். அந்த ஊர் வரைபடத்தை இணையம் இல்லாமல் திறக்கும்படி இறக்கி வையுங்கள். ஓட்டலின் பெயரையும் முகவரியையும் அந்த நாட்டு எழுத்தில் ஒரு தாளில் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்ஸி ஓட்டுநரிடம் அந்தத் தாளை நீட்டினால் பேச்சே தேவைப்படாது. போனில் சார்ஜ் தீர்ந்துபோன நேரத்திலும் தாள் கைகொடுக்கும்.

கார்டு தேய்க்கும்போதோ ஏ.டி.எம்.மிலோ "உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடட்டுமா?" என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்த ஊர்ப் பணத்திலேயே போகட்டும். மற்றதில் அவர்கள் வைத்த மாற்று விகிதம்தான் செல்லும், பெரும்பாலும் அது நமக்கு நஷ்டம்.

படி 4: சன்ஸ்கிரீன், அளவோடு

பாட்டிலில் எழுதியிருக்கும், வெயிலிலிருந்து எவ்வளவு பாதுகாப்பு என்று காட்டும் எஸ்.பி.எஃப். எண்ணை ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் பூசித்தான் சோதிக்கிறார்கள். வளர்ந்த ஒருவரின் உடம்பு முழுவதற்கும் அது ஏறக்குறைய 30 முதல் 35 மில்லி வரை வரும். பொதுவாக நாம் பூசுவது அதில் பாதிகூட இருக்காது. கடலுக்குப் போக 15, 20 நிமிடம் இருக்கும்போதே பூசிவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் தண்ணீரிலிருந்து வந்த பிறகும் மறுபடி பூசுங்கள். முழங்காலின் பின்பக்கம், காதின் மேல்விளிம்பு, பாதத்தின் மேல்பகுதி, தலைவகிடு ஆகியவைதான் எல்லோரும் மறக்கும் இடங்கள். முதுகுக்கு ஒருவருக்கொருவர் உதவுங்கள்.

மேகமாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். மெல்லிய மேகத்தைத் தாண்டிப் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதி வந்துவிடும். வானிலைச் செயலியில் யு.வி. குறியீடு (புற ஊதாக் கதிரின் வீரியத்தைக் காட்டும் எண்) 3 அல்லது அதற்கு மேல் என்றால் பாதுகாப்பு வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் அறிவுரை. என்னைக் கேட்டால் கிரீமைவிட முழுக்கை நீச்சல் சட்டைதான் முதலில் வாங்க வேண்டியது. மறுபடி மறுபடி பூச வேண்டிய வேலை பாதியாகக் குறையும், மறுநாள் தோள் எரிந்துகொண்டு தூங்காமல் கிடக்க வேண்டியதும் இல்லை.

படி 5: இறங்கும் முன் கடலைப் பாருங்கள்

அவசரப்படாதீர்கள் என்று நான் சொல்வதெல்லாம் முக்கியமாக இந்தப் படிக்காகத்தான். அறையில் சாமானைப் போட்டுவிட்டு நேராகத் தண்ணீருக்குள் ஓடத்தான் கால் துடிக்கும். அதற்கு முன் கரையில், கொஞ்சம் மேடான இடத்தில், பத்து நிமிடம் சேர்ந்து உட்காருங்கள்.

முதலில் கொடிகளைத் தேடுங்கள். மேலே சிவப்பு, கீழே மஞ்சள் என்று இரண்டு கொடிகள் நட்டிருந்தால் அவற்றுக்கு இடைப்பட்ட பகுதியை உயிர்காப்பாளர்கள் கவனிக்கிறார்கள் என்று பொருள். அதற்குள்தான் குளிக்க வேண்டும். முழுச் சிவப்பு ஆபத்தைக் காட்டுகிறது. இரட்டைச் சிவப்பு என்றால் கடலில் இறங்கவே கூடாது. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி அலைச்சறுக்குக்காரர்களுக்கானது. ஊதா நிறக் கொடி பல இடங்களில் ஜெல்லி மீன் போன்றவை நடமாடுவதைக் காட்டும். ஆனாலும் எல்லா நாடுகளிலும் ஒரே முறை கிடையாது. பெரும்பாலும் நுழைவாயிலில் விளக்கப் பலகை இருக்கும், படித்துவிடுங்கள்.

அப்புறம் அலைகளைப் பாருங்கள். வெள்ளை நுரையோடு வரிசையாக உடையும் அலைகளுக்கு நடுவே ஓர் இடத்தில் மட்டும் அலையே உடையாது. தண்ணீர் கொஞ்சம் கருத்து, வழவழவென்று, அமைதியாக இருக்கும். உற்றுப் பார்த்தால் நுரையோ கலங்கிய மணலோ அந்த வழியாகக் கடலை நோக்கி நகர்வது தெரியும். புதிதாக வருபவர்களுக்கு அதுதான் குளிக்கத் தோதான இடமாகத் தோன்றும். ஆனால் அதுதான் இழுப்பு நீரோட்டம். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டும் நீர் எப்படியாவது திரும்பிப் போக வேண்டும். மணல்திட்டுகளுக்கு இடையிலோ பாறை, படகுத்துறை ஓரத்திலோ உள்ள குறுகிய பள்ளம் வழியாக அது வேகமாக வெளியேறுகிறது. வேகம் நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டுவதும் உண்டு. 100 மீட்டர் நீச்சலில் ஒலிம்பிக் வீரர்கள் போகும் வேகமே ஏறக்குறைய அவ்வளவுதான். எதிர்த்து நீந்தி யாரும் ஜெயிக்க முடியாது.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? அந்த நீரோட்டம் ஆளைக் கீழே இழுக்காது, வெளியே இழுத்துப் போகும், அவ்வளவுதான். மிதந்துகொண்டு ஒரு கையைத் தூக்கி ஆட்டுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள். இழுப்பு விட்டதும் அலை உடையும் பக்கமாகச் சாய்வாகக் கரையேறுங்கள்.

ஜோடியாகப் போகிறவர்கள் இன்னொன்றும் பேசி வைக்க வேண்டும். மற்றவர் மாட்டிக்கொண்டதைப் பார்த்தால் நாம் குதிக்கக் கூடாது. மனதுக்குக் கஷ்டமான விதிதான். ஆனால் காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மூழ்குவது கடலில் அடிக்கடி நடக்கிறது. உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள், மிதக்கும் எதையாவது வீசுங்கள், அவர்மீதிருந்து கண்ணை எடுக்காமல் கையால் திசையைக் காட்டிக்கொண்டே இருங்கள். இந்தப் பேச்சை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். அந்த நாட்டின் அவசர உதவி எண்ணையும் இருவர் போனிலும் பதிந்துகொள்ளுங்கள்.

(பிற்சேர்க்கை: "எங்களில் ஒருவருக்கு நீச்சல் தெரியாது, மிதவை வாங்கலாமா?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். காற்றடைத்த மிதவையை நம்பிக் கடலில் இறங்க வேண்டாம். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசினால் தண்ணீர் அமைதியாகவே தெரியும், மிதவை மட்டும் வெகுதூரம் போய்விடும். பிரிட்டன் கடற்கரைகளில் இப்படிக் காற்று வீசும்போது ஆரஞ்சு நிறக் காற்றுப்பையைப் பறக்கவிடுவார்கள். நீச்சல் தெரியாதவர் கொடிகளுக்கு நடுவே முழங்கால் ஆழத்தில் நிற்கட்டும், தெரிந்தவர் பக்கத்திலேயே இருக்கட்டும்.)

படி 6: சின்னக் குளியல், சீக்கிரத் தூக்கம்

வெயில் தாழ்ந்த பிறகு, உயிர்காப்பாளர் பணியில் இருக்கும் நேரத்துக்குள் இறங்குங்கள். நீரோட்டம் பக்கவாட்டிலும் நகர்த்தும் என்பதால் கரையில் ஓர் அடையாளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நிறக்குடை, கட்டடம், கொடிக்கம்பம் எதுவானாலும் சரி. அது நேர் எதிரே இல்லை என்றால் வெளியே வந்து நடந்து பழைய இடத்துக்குப் போங்கள். மது குடித்திருந்தால் அன்று கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரவுச் சாப்பாட்டை ஓட்டலுக்குப் பக்கத்திலேயே சீக்கிரம் முடியுங்கள். பகலில் அரை மணி நேரத்துக்கு மேல் தூங்காமல் இருந்தால் அந்த ஊர் இரவோடு உடம்பு ஒத்துப்போவது எளிது.

படுக்கும் முன் மறுநாளின் ஓத அட்டவணையை, அதாவது கடல் நீர்மட்டம் ஏறி இறங்கும் நேரங்களை, பாருங்கள். பெரும்பாலான கடற்கரைகளில் ஓர் உயர் ஓதத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் நேரம் நாளுக்கு 50 நிமிடம்போலத் தள்ளிப்போகும். மத்தியதரைக்கடலின் பெரும்பகுதியில் நீர்மட்டம் அதிகம் மாறாது. மற்ற இடங்களில், இன்று மாலை நீங்கள் உட்கார்ந்த மணல் நாளை அதே நேரம் தண்ணீருக்கடியில் இருக்கலாம், பாறை வளைந்த குட்டிக் கடற்கரைகளில் திரும்பும் வழியே அடைபடலாம். தாழ் ஓதம் எப்போது என்று பார்த்துவிட்டு, படகோ ஸ்நார்க்லிங்கோ இரண்டாம் நாளுக்கு இப்போது பதிவு செய்துகொள்ளுங்கள்.