மிச்ச உணவை எடைபோட்டுப் பருவநிலை மாற்றத்தைக் கற்பிக்கும் முறை

உணவை வீணாக்கக்கூடாது என்று கேட்டுக் கேட்டுப் பிள்ளைகளுக்குக் காது புளித்துப்போயிருக்கிறது. ஆகவே, இந்தப் பாடத்தை அறிவுரையில் தொடங்காமல் தராசில் தொடங்குமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு தராசு, மூன்று வாளிகள், கையுறைகள், இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்கள், இரண்டு பலூன்கள் ஆகியவை போதும். மூன்று வாரங்கள் ஆகும்.

முதல் வாரம் எடைபோடுங்கள். மதிய உணவு முடிந்ததும், தோல், கொட்டை, எலும்பு போன்ற உண்ண முடியாதவற்றை ஒரு வாளியிலும், தட்டில் மிஞ்சியதை இன்னொன்றிலும், யாரும் தொடாமல் மீந்ததை மூன்றாவதிலும் மாணவர்கள் பிரித்துப் போடட்டும். வெறும் வாளியின் எடையை முன்பே குறித்துவைத்துக் கழிக்க வேண்டும். இதை மறந்தால் வாரக் கணக்கு முழுவதும் பிழையாகிவிடும். உண்ணத்தக்க மிச்சத்தைச் சாப்பிட்டவர்களின் எண்ணிக்கையால் வகுக்கச் சொல்லுங்கள். எடுத்துக்காட்டாக, 40 பேருக்கு 3.2 கிலோ மிஞ்சினால் ஒருவருக்கு 80 கிராம். 200 பள்ளி நாட்களுக்கு அது 16 கிலோ. யார் தட்டில் எவ்வளவு மிஞ்சியது என்று பெயர் சொல்லிக் கணக்கெடுக்கவே கூடாது. ஒரு பிள்ளைக்கு அன்று உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கலாம். வகுப்பின் மொத்தக் கணக்கு என்றால் யாரும் தலைகுனிய நேராது.

இரண்டாம் வாரம் பலூன் சோதனை. பழத்தோலையும் காய்கறிக் கழிவையும் பொடியாக நறுக்கி, ஒரு பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு நிரப்பி, மூழ்கும் அளவு நீர் ஊற்றி, வாயில் பலூனை மாட்டி நூலால் இறுகக் கட்டுங்கள். மற்றொரு பாட்டிலில் நீர் மட்டும் இருக்கட்டும். இரண்டையும் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், சில நாட்களில் முதல் பாட்டிலின் கழுத்தில் துவண்டு தொங்கிய பலூன் மெல்ல நிமிர்ந்து உப்பத் தொடங்கும். அதன் சுற்றளவை மாணவர்கள் நூலால் அளந்து நாள்தோறும் குறிக்கலாம். ஆனால், அதைக் காட்டி, ‘உணவு அழுகும்போது உண்டாகிப் புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு இதுதான்’ என்று சொல்லிவிடாதீர்கள். தொடக்க நாட்களில் சேர்வது பெரும்பாலும் கரியமில வாயுவே. மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிரிகள் ஆக்சிஜன் அறவே இல்லாத இடத்தில் மெதுவாகப் பெருகுபவை. குப்பைமேட்டின் அடியில் அமுங்கிக்கிடக்கும் உணவில்தான் அவற்றுக்கு அந்தச் சூழல் வாய்க்கிறது. சோதனை முடிந்ததும், நெருப்பு இல்லாத திறந்தவெளியில் ஆசிரியரே பாட்டிலைத் திறக்க வேண்டும்.

இப்போது விளக்கத்துக்கு வரலாம். மீத்தேன் காற்றில் ஏறத்தாழ 12 ஆண்டுகளே நிலைத்தாலும், 100 ஆண்டுக் கணக்கில், அதே எடையுள்ள கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு புவியைச் சூடாக்கக்கூடியது. குப்பைமேடு கதையின் கடைசிப் பகுதி மட்டுமே என்பதையும் பிள்ளைகள் உணர வேண்டும். எறியப்பட்ட ஒரு கவளத்தின் பயணத்தை அடுப்பு, குளிர்பதனக் கிடங்கு, லாரி, வயல், உரம் என்று பின்னோக்கி வரையச் சொன்னால், ஒவ்வொரு படியிலும் எரிந்த ஆற்றல் அவர்கள் கண்ணுக்கே தெரியும்.

அதன் பிறகு உலகக் கணக்கைக் கரும்பலகையில் எழுதுங்கள். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022இல் வீடுகள், உணவகங்கள், கடைகள் ஆகியவற்றில் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் 60 விழுக்காடு வீடுகளில். இதில் தோலும் எலும்பும் அடங்கும் என்பதை, முதல் வாளியை எடைபோட்ட மாணவர்களுக்கு விளக்க அதிக நேரம் ஆகாது. உணவு இழப்பும் விரயமும் சேர்ந்து மீத்தேன், கரியமில வாயு போன்ற, புவியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களின் உலக உமிழ்வில் 8 முதல் 10 விழுக்காட்டுக்குக் காரணமாகின்றன.

மூன்றாம் வாரம், வகுப்பே கூடிப் பேசி ஒரே ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுக்கட்டும்; முதலில் குறைவாகப் பரிமாறி, வேண்டுவோர் மறுமுறை வாங்கிக்கொள்வது எளிய தொடக்கம். பல மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் எதனால் பலன் கிடைத்தது என்பது தெரியாது. மீண்டும் அதே மூன்று வாளிகள், அதே ஐந்து நாட்கள். எடை குறையாவிட்டாலும் அதை அப்படியே முதல் வாரக் கணக்கின் பக்கத்தில் எழுதி, காரணத்தைப் பிள்ளைகளிடமே கேளுங்கள்.