வின்செஸ்டர் 1885 ரைபிளுக்குப் புதுக் கட்டை: முதன்முறை செய்பவர்களுக்கு

ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போட்டுச் சுடும் ரைபிள்கள்தான் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கக் குறிசுடும் போட்டிகளில் கோலோச்சின. ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள் நடத்திய 'ஷூட்சன்' போட்டிகளில் 200 கஜ தூரத்திலுள்ள இலக்கை நின்றபடியே சுடுவார்கள். அந்தக் களத்தின் பெரிய பெயர்களில் ஒன்று வின்செஸ்டர் 1885. ஜான் பிரவுனிங் 1879-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. வின்செஸ்டர் 1883-இல் விலைக்கு வாங்கி, 1885 முதல் 1920 வரை ஏறக்குறைய 1,40,000 துப்பாக்கிகள் செய்தது. ரிசீவரின் (பீப்பாய்க்குப் பின்னால் இயங்கு உறுப்புகளைத் தாங்கும் உலோக உடல்) பக்கச் சுவர் உயர்ந்திருந்தால் 'ஹை வால்', தாழ்ந்திருந்தால் 'லோ வால்'.

எதை வாங்கலாம்

அசல் கட்டை (தோளில் வைத்துப் பிடிக்கும் மரப்பகுதி) நல்ல நிலையில் உள்ள ரைபிளில் கை வைக்காதீர்கள். பழைய வார்னிஷைச் சுரண்டினால்கூட அதன் மதிப்பு போய்விடும், திரும்பி வராது. கட்டை மாற்றிப் பழக ஏற்றது, யாரோ ஏற்கெனவே வெட்டிக் குறைத்த துப்பாக்கி. படைப் பயிற்சிக்காக .22 அளவில் வந்த 'வின்டர் மஸ்கட்'கள் பல இப்படித்தான் உருமாறிக் கிடக்கின்றன.

ரிசீவரிலிருந்து பின்னால் கட்டைக்குள் நீளும் உலோக வால்தான் டாங்; மேலே ஒன்று, கீழே ஒன்று. வரிசை எண் கீழ் டாங்கில் இருக்கும். 1 முதல் 1,09,999 வரையிலான எண்களுக்குத் தொழிற்சாலைப் பதிவேடு வயோமிங் மாநிலம் கோடி நகரில் உள்ள துப்பாக்கி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கட்டணம் செலுத்தினால் என்ன பீப்பாய், என்ன விசையோடு (டிரிகர்) வெளியே போனது என்று கடிதம் தருவார்கள். கட்டையைத் தொடும் முன் அந்தக் கடிதத்தை வாங்கிவிடுங்கள். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி 1898 அல்லது அதற்கு முன் செய்தவையே 'பழம்பொருள்'. பிந்தையவை சாதாரணத் துப்பாக்கிக் கணக்கில் வரும். மாநிலச் சட்டம் வேறாக இருக்கலாம்.

கழற்றுவதற்கு முன்

விசைக்கு அடியில் உள்ள லீவரை இறக்கி, தோட்டா அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். திருகுத் தலையின் வெட்டுக்கு அகலத்திலும் தடிமனிலும் அப்படியே பொருந்தும் ஸ்குரூடிரைவர் வேண்டும். முனை சரிவாகத் தேய்ந்த சாதாரண டிரைவர் வெட்டின் விளிம்பைக் கிழித்துவிடும், அந்தக் காயம் கடைசிவரை கண்ணில் உறுத்தும். நூறு வருடத் திருகு அசையாவிட்டால் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓரிரவு காத்திருங்கள்.

மரம்

அமெரிக்கக் கருப்பு வால்நட், ஈரம் 6 முதல் 8 சதவீதம். பின்கட்டைக்கு 45 × 17 × 6 செ.மீ. பலகை போதும். பார்க்க வேண்டியது கைப்பிடிக் கழுத்து: அங்கே ரேகை கழுத்தின் போக்கிலேயே நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே சரிந்தால், எவ்வளவு அழகான அலைரேகையானாலும் அந்தப் பலகை வேண்டாம், கழுத்து அங்கேதான் ஒடியும். அழகு ரேகை பின்பக்கத்தில் வரட்டும். முதல் கட்டைக்கு, முக்கால்வாசி குடைந்தே கிடைக்கும் கட்டையை வாங்குவதே நல்லது.

குடைந்து பொருத்துதல்

வேலையின் உயிர் இங்கேதான், அவசரப்படாதீர்கள். சுடும்போது ரிசீவர் பின்னால் உதைக்கிறது. அந்த உதையை, கட்டையின் முன்முகம் ரிசீவரின் பின்முகத்தோடு இருபுறமும் சமமாக முட்டி நின்று வாங்க வேண்டும். டாங்கின் வால்நுனி முதலில் மரத்தில் முட்டினால், அது ஆப்பு அடித்தது போல் கழுத்தைப் பிளக்கும். பழைய ரைபிளின் மேல் டாங் நுனிக்குப் பின்னால் லென்ஸ் வைத்துப் பாருங்கள்; தலைமுடி போல ஒரு கோடு ஓடும். காரணம் இதுதான்.

மேல் டாங் ரிசீவரோடு ஒரே துண்டு, கீழ் டாங் தனி. கீழ் டாங்கைப் பூட்டியபடியே, உலோகத்தில் கரிப்பூச்சு (விளக்குக் கரியும் எண்ணெயும் குழைத்தது) மெலிதாகத் தடவுங்கள். கட்டையைப் பின்னாலிருந்து தள்ளி, ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு, பிறகு உருவுங்கள். கரி ஒட்டிய இடம் மட்டும் 3 மி.மீ., 6 மி.மீ. உளிகளாலும் சுரண்டியாலும் போக வேண்டும். ஒரு தடவைக்குக் காகிதத் தடிமன்தான். ஐம்பது, அறுபது தடவை ஆகும். அதற்குக் குறைந்தால் எங்கோ அதிகமாக வெட்டிவிட்டீர்கள். ஒரு தடவை நிறைய எடுத்தவர்கள் பக்கத்தில் இடைவெளி விட்டுவிட்டு எபாக்சி தேடுவார்கள்.

கரி எங்கும் சீராக ஒட்டியதும், மேல் டாங் நுனிக்குப் பின்னால் மட்டும் 0.5 மி.மீ. இடம் விடுங்கள். விசை உறுப்புகள் எதுவும் மரத்தில் உரசக் கூடாது. இரட்டை விசை உள்ளதில் இதை இன்னும் கவனிக்க வேண்டும். மழைக்காலத்தில் மரம் ஊதி விசை பிடித்துக்கொள்வது இந்தக் கவனக்குறைவால்தான்.

டாங் திருகுக்கான துளையைக் கடைசியில் போடுங்கள். கட்டையை முன்னோக்கி இறுக்கி வைத்து, மேலிருந்து பாதி, கீழிருந்து பாதி துளையிட்டால் கோணம் தவறாது. துளையின் பின்விளிம்பில் அரை மி.மீ. தளர்வு இருக்கட்டும். உதையைத் திருகு வாங்கினால், அப்போதும் மரம் பிளக்கும்.

வடிவமும் பட் பிளேட்டும்

ஷூட்சன் கட்டைக்கு மேலும் கீழும் கொம்பு நீட்டிய 'சுவிஸ்' பட் பிளேட் (தோளில் படும் பின்முனையின் உலோகத் தகடு). அதையும் கரி தடவியே பொருத்துங்கள். விசையிலிருந்து பட் பிளேட் வரை 33 முதல் 34 செ.மீ. வழக்கம், உங்கள் தோளுக்கு அளந்து மாற்றலாம். வெளிப்புறத்தை ராஸ்ப் (முரட்டுப் பல் அரம்), அரம், உப்புத்தாள் என்று இறக்குங்கள். உலோகத்தைவிட மரம் 0.3 மி.மீ. தூக்கலாகவே நிற்கட்டும், பின்னால் சுருங்கும்.

பீப்பாயின் அடியில் வரும் முன்கட்டை பீப்பாயோடு மட்டும் நிற்க வேண்டும். ரிசீவரை முட்டினால் குறி நகரும், நடுவே ஒரு காகிதம் நுழைய வேண்டும்.

எண்ணெய்ப் பூச்சு

150, 220, 320, 400 என்று தாள் மாற்றுங்கள். 220-க்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ஈரத்துணியால் துடைத்து, எழும் மயிரிழைகளை உலர்ந்ததும் தேய்த்துவிடுங்கள். கடையில் 'பாயில்டு லின்ஸீட் ஆயில்' என்று விற்கும் ஆளிவிதை எண்ணெயை (நீங்களே கொதிக்கவைக்க வேண்டாம்) விரலால் தேய்த்து, கால்மணி நேரத்தில் மிச்சத்தைத் துடையுங்கள். பத்து முதல் பதினைந்து பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள். கனமாகப் பூசினால் பசைபோல் ஒட்டிக்கொண்டே இருக்கும். குடைந்த உட்பகுதிக்கும் பட் பிளேட்டின் அடியில் வரும் மரத்துக்கும் பூசுங்கள். ஈரம் நுழையும் வழி அதுதான். எண்ணெய்த் துணிகளைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பற்றும். தண்ணீரில் ஊறவைத்தோ வெளியே தட்டையாக விரித்தோ காயவிடுங்கள்.

அசல் கட்டையில் கழுத்துக்கு அருகே எண்ணெய் ஊறிக் கருத்திருந்தால், சாக்பீஸ் தூளை அசிட்டோனில் குழைத்து அப்பி உலரவிடுங்கள். எண்ணெயைத் தூள் உறிஞ்சும், நாலைந்து முறை திரும்பச் செய்யலாம். ஜன்னலைத் திறந்துவைத்து, நெருப்பு பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டும்.

சுடும் முன், பூட்டு தோட்டா அறையை இறுக மூடுகிறதா என்று துப்பாக்கி வேலை தெரிந்தவரிடம் சோதித்துவிடுங்கள். முதல் 20 குண்டுகளுக்குப் பின் கட்டையை மறுபடி கழற்றிப் பாருங்கள்: முன்முகத்தில் இருபுறமும் சமமாக அழுந்திய தடம் தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பளபளத்தால், அந்தப் பக்கம் கரி தடவி மறுபடி சுரண்டுங்கள். பழைய மரம், உடைந்ததாக இருந்தாலும், வரிசை எண் எழுதிய அட்டையோடு துணியில் சுற்றி ரைபிளுடனே வைத்திருங்கள்.