குழந்தைக்கு நிமோனியாவா? மூச்சை எண்ணிப் பாருங்கள்

இருமலும் சளியும் இருந்தாலே நிமோனியா (நுரையீரல் தொற்று) ஆகிவிடாது. மூச்சின் வேகத்தைப் பாருங்கள். குழந்தை தூங்கும்போதோ அழாமல் மடியில் இருக்கும்போதோ சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை முழுசாக 60 விநாடி எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்க வேண்டாம். சின்னக் குழந்தைகளின் மூச்சு சீராக இருக்காது, கணக்கு தப்பும். அழுகையும் காய்ச்சலும்கூட எண்ணிக்கையைக் கூட்டும்.

ஒரு நிமிடத்துக்கான மூச்சு எண்ணிக்கையில் கவனிக்க வேண்டிய அளவு: 2 மாதத்துக்குள் 60, 2 முதல் 12 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40. இந்த அளவையோ அதற்கு மேலோ தொட்டால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். 2 மாதத்துக்குள் என்றால் நேராக ஆஸ்பத்திரிதான்.

மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே உள்ளே குழிகிறதா, உதடு நீலமாகிறதா, பால் குடிக்க முடியவில்லையா, வலிப்பு வந்ததா, எழுப்பினாலும் துவள்கிறதா? எண்ணிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துப் பார்ப்பது வேண்டவே வேண்டாம்.

தடுக்க: நிமோகாக்கல், ஹிப் (இரண்டும் நிமோனியா உண்டாக்கும் பாக்டீரியாக்களுக்கு எதிரானவை), தட்டம்மை, கக்குவான் தடுப்பூசிகளைத் தவணை தவறாமல் போடுங்கள். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். வீட்டுக்குள் அடுப்புப் புகையும் சிகரெட்டும் கூடாது. ஜன்னலோரம் நின்று பிடித்தாலும் புகை உள்ளேதான் வரும்.