மூன்று தையல் வேலைகளும் ஓர் அவசரப் பிறந்தநாள் பயணமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டத் துணியில் நூலால் × வடிவப் புள்ளடிகளைத் தைத்துப் படம் ஆக்கும் குரொஸ் ஸ்டிச் வேலை செய்கிறவரிடம் இப்போது எத்தனை வேலைகள் கையில் இருக்கின்றன என்று கேட்டால், சரியான எண்ணிக்கை முதல் தடவையில் வராது. இரண்டு என்பார், அலுமாரியின் மேல்தட்டில் இருப்பது நினைவுக்கு வந்ததும் மூன்று என்று திருத்துவார். சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆவணி மாதத்துக்குச் சற்று முந்திய நாட்களில், என்னிடமும் மூன்று இருந்தன. மச்சாளின் குழந்தைக்கான பெயர்த் துணி ஒன்று. மூன்று மூலைகள் முடிந்த தலையணை உறை ஒன்று. கோணேசர் மலையும் கடலும் தெரியும் பெரிய படம் ஒன்று. என் பிறந்தநாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாட்கள் இருந்த ஒரு புழுக்கமான இரவில், தென்மேற்கிலிருந்து வீசும் வறண்ட கச்சான் காற்று எங்கள் திருகோணமலை வீட்டின் யன்னல் கதவை அடித்துக்கொண்டிருக்க, இம்முறை நுவரெலியாவில் குளிராகக் கொண்டாடுவோம் என்று வீட்டில் அறிவித்தேன். போவதற்கு முன் பெயர்த் துணியை முடித்துவிடுவேன் என்றும் அதே மூச்சில் சொல்லிவிட்டேன். துணியில் ஒவ்வொரு கட்டத்தையும் எண்ணித் தைக்கிறவள், நாட்களை எண்ணாமலே இரண்டு வாக்குகளைக் கொடுத்தேன். பின்னர் நேர்ந்த தவறுகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்தே கிளைத்தன.

மீதமுள்ள வேலையைக் கண்ணால் அளப்பது மிகவும் பரவலான தவறு. உள்ளங்கையளவு இடம்தான் வெறுமையாக இருக்கிறது என்று தோன்றும். ஆனால் ஓர் அங்குலத்தில் 14 கட்டங்கள் வரும்படி நெய்த, 14 எண்ணிக்கை எனப்படும் ஐடா துணியில் ஒரு சதுர அங்குலத்துக்குள் 196 புள்ளடிகள் அடங்குகின்றன. என் பெயர்த் துணியில் அன்று எஞ்சியிருந்தவை 1,500 புள்ளடிகள். நான் மணிக்கு ஏறக்குறைய 120 தைப்பேன்; வீட்டு வேலை முடிந்து இரவில் கிடைப்பது ஒன்றரை மணி நேரம்; ஆகவே ஓர் இரவுக்கு 180. அந்தக் கணக்கில் ஒன்பது இரவுகள் தேவை. பன்னிரண்டில் ஒன்று கலியாண வீட்டுக்கும், கடைசி இரண்டு பெட்டி அடுக்குவதற்கும் போக, எஞ்சியவையும் சரியாக ஒன்பது. கணக்குப் பொருந்திவிட்டதாகத் தோன்றுகிறதல்லவா? எழுத்துகளுக்கு வெளிக்கோடு தைப்பது, கழுவுவது, உலர்த்துவது, அழுத்துவது, சட்டமிடுவது எவையும் அதில் இல்லை. ஒரு கட்டம் தவறி எண்ணிவிட்டால், அதைப் பிரித்துத் திரும்பத் தைக்கும் நேரமும் இல்லை. ஐந்தாம் நாள் இரவில் எனக்கு அதுவே நேர்ந்தது. குழந்தையின் பெயரில் ஒரு துணைக்கால் (ா) முழுவதும் ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்ந்திருந்தது. இப்போதெல்லாம் கணக்கிட்டு வரும் இரவுகளோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்கிறேன். ஒன்பது என்றால் பன்னிரண்டு.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. பெயர்த் துணிக்கு உண்மையான நாள் என் பிறந்தநாள் அல்ல. குழந்தையின் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு. அது நாங்கள் திரும்பி வரும் நாளிலிருந்து நான்காம் நாள். பிறர் வீட்டு விசேடத்துக்கான வேலையையும் நம்முடைய கொண்டாட்டத்தையும் ஒரே முடிவுத் திகதிக்குள் திணிக்கும்போது, பயணமே அந்த வேலையின் நடுவில் ஒரு பள்ளமாக விழுகிறது. "பேரைத் தைச்சு முடிச்சாச்சா மச்சாள்?" என்று குழந்தையின் தாய் தொலைபேசியில் கேட்டபோது, "இன்னும் கொஞ்சம்தான்" என்றேன். தையற்காரிகளின் அகராதியில் அந்தச் சொற்றொடருக்கு அளவு கிடையாது.

பல வேலைகளை மாற்றி மாற்றித் தைப்பது குற்றமல்ல. கண்ணுக்கு ஓய்வு தரும், அலுப்பையும் குறைக்கும். இடையில் நிறுத்துகிற விதத்தில்தான் தவறு நேர்கிறது. முதலாவது, திசை. ஒவ்வொரு புள்ளடியிலும் மேலே அமரும் இழை ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். ஒரு வேலையில் இடமிருந்து வலமாகச் சாய்த்துத் தொடங்கி, இரண்டு வாரம் மற்றொன்றைத் தைத்துவிட்டு வந்து எதிர்ப்பக்கமாகச் சாய்த்தால், தைக்கும்போது ஒன்றும் தெரியாது. சட்டமிட்டுச் சுவரில் மாட்டி, பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும்போது அந்த இடம் மட்டும் வேறு நிறம் போலத் தெரியும். இரண்டாவது, இழை எண்ணிக்கை. ஆறு இழை நூலிலிருந்து 14 எண்ணிக்கைத் துணிக்குப் பெரும்பாலும் இரண்டு இழை எடுப்போம். ஆனால் ஒரு வேலையில் நிழலுக்காக ஓர் இழை வைத்திருந்தால், அதை எங்கேனும் எழுதி வைக்காவிட்டால் கை பழக்கத்தில் இரண்டையே எடுக்கும். ஆகவே வேலையை மாற்றும் முன், எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்று காட்டும் கட்டப்படத்தில் தைத்த கட்டங்களை நிறப் பேனையால் குறித்துவிட்டு, சாயும் திசை, இழை எண்ணிக்கை, கடைசியாகத் தைத்த நூலின் எண் ஆகிய மூன்றையும் ஒரு சிறு துண்டில் எழுதித் துணியோடு குத்தி வையுங்கள். கட்டப்படத்தைத் தொலைபேசியில் படம் எடுத்து வைப்பதும் நல்லது. பயணத்தில் காகிதம் நனையும்.

நூல் எண்ணில் இன்னொரு பொறி உண்டு. டிஎம்சி நிறுவனத்தின் எண்ணும் அங்கர் நிறுவனத்தின் எண்ணும் வேறு வேறு. கறுப்பு நூல் டிஎம்சியில் 310, அங்கரில் 403. (இலங்கையில் அங்கர் என்றதும் பால்மா நினைவுக்கு வருவதால், கடையில் என்ன கேட்கிறோம் என்பதைச் சற்று விளக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.) மூன்று வேலைகளின் நூல்களையும் ஒரே டப்பாவில் போட்டு, சுற்றியிருந்த எண் தாளையும் கழற்றி எறிந்தவர், பிறகு இரண்டு நீலங்களைக் கையில் வைத்துக்கொண்டு யன்னலோரம் நிற்க நேரும். கடல், வானம் போன்ற பெரிய நிறப்பரப்புக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே தடவையில் வாங்குவதும் இதே காரணத்துக்காகத்தான். வேறொரு தொகுதியில் சாயமிட்ட நூலில் மெல்லிய வேறுபாடு இருக்கக்கூடும். 8 மீற்றர் கொண்ட ஒரு கழி, 14 எண்ணிக்கைத் துணியில் இரண்டு இழையாகத் தைத்தால், நுனிகளில் வீணாவது போக ஏறக்குறைய 1,700 முதல் 2,000 புள்ளடிகள் வரை வரும். என் கோணேசர் மலைப் படத்தின் வானத்துக்கு மட்டும் 9,000. இரண்டு கழி போதும் என்று வாங்கி வந்தது வேறு கதை.

ஊருக்குப் புறப்படும் அவசரத்தில் துணியை, அதை இறுக்கிப் பிடிக்கும் தையல் வளையத்திலேயே விட்டுப் போவதுதான் திருகோணமலையில் அதிகச் சேதம் தருகிற தவறு என்று நான் கருதுகிறேன். எங்கும் வளையத்தின் அடையாளம் துணியில் பதியும். இங்கே அதோடு காற்றும் சேர்கிறது. கச்சான் வீசும் மாதங்களில் மெல்லிய தூசி மூடிய யன்னலுக்குள்ளும் வந்து, வளையம் இறுக்கியிருக்கும் இடத்தில் வட்டமாகப் படியும். அழுக்கு வட்டமும் மடிப்பு வட்டமும் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும்போது ஒரு கழுவலில் இரண்டும் போகாது. மாரி மாதங்களிலோ தூசி இல்லை, ஈரம் உண்டு. உட்துறைமுகப் பக்கமோ டச்சுக் குடாப் பக்கமோ குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உப்புக் காற்றில் கதவுப் பூட்டே துருப்பிடிக்கிற ஊரில், துணியில் குத்தி வைத்த ஊசி சில நாட்களிலேயே பழுப்புப் புள்ளி வைத்துவிடும். அந்தத் துருக்கறை வெள்ளை ஐடாவிலிருந்து இலகுவில் போகாது. ஊசியை எடுத்து ஒரு சிறு காந்தத்திலோ ஊசிப் பெட்டியிலோ வையுங்கள். துணியை வளையத்திலிருந்து கழற்றி, மடிக்காமல் சுருட்டி, பழைய பருத்தித் தலையணை உறைக்குள் இடுங்கள். பாதுகாப்பு என்று எண்ணிப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டுகிறவர்கள் பலர். உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே பூஞ்சணம் பிடிக்கும். நீரில் கரையும் நீலப் பேனையால் கட்டமிட்டிருந்தால் வெயிலில் நிறுத்திய வான் வண்டிக்குள் துணியை விடாதீர்கள், சூடு பட்டால் அந்தக் கோடுகள் நிலையாகப் படிந்துவிடக்கூடும்.

பயணத்துக்கு எதை எடுத்துச் செல்வது என்ற கேள்வியில் நான் செய்தது வெட்கக்கேடானது. மூன்றையும் எடுத்துச் சென்றேன். விடுதியின் மங்கலான மஞ்சள் விளக்கில் கடலின் ஐந்து நீலங்களையும் பிரித்தறிய முடியவில்லை. ரம்பொடையின் கொண்டையூசி வளைவுகளில் ஊசியை அல்ல, இருக்கையின் கைப்பிடியைத்தான் பிடிக்க முடிந்தது. பயணத்துக்கென்றால் நான்கு ஐந்து நிறங்களுக்கு மேல் இல்லாத, வளையம் இல்லாமலே கையில் வைத்துத் தைக்கக்கூடிய, தொலைந்தாலும் யாருடைய விசேடமும் நின்றுவிடாத ஒரு சிறு வேலை போதும். நூல்களை ஒவ்வொன்றும் ஒரு முழ அளவில் வீட்டிலேயே வெட்டி எண்ணிட்டு எடுத்துச் செல்லலாம்.

இனிப் பயணத்தின் கணக்கு. திருகோணமலையிலிருந்து கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி வழியாக நுவரெலியாவுக்கு ஏறக்குறைய 260 கிலோமீற்றர். வரைபடத்தில் அது ஒரு விரற்கடை. வான் வண்டியில் சாப்பாட்டு நிறுத்தங்களோடு ஒரு பகல் முழுவதும். மூன்று நாள் பயணம் என்று அறிவித்ததில் இரண்டு நாட்கள் வீதிக்குரியவை, கொண்டாட்டத்துக்கு மிஞ்சியது ஒன்று. நேரத்தை மிச்சப்படுத்த இரவில் புறப்படலாம் என்று வீட்டில் ஒரு யோசனை எழுந்தது. கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் இருட்டியபின் யானைகள் வீதிக்கு வருவதை அறிந்தவர்கள் அதை உடனே மறுத்தார்கள், நல்ல வேளை. அடுத்தது பருவம். நமக்கு மழையில்லாத ஆவணியும் அதற்கு முந்திய மாதங்களும் மலைநாட்டுக்குத் தென்மேற்குப் பருவமழைக் காலம். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் நான் எதிர்பார்த்த குளிர் இருந்தது. அதோடு எதிர்பாராத தூறலும் பனிமூட்டமும் இருந்தன. அதே நாட்களில்தான் கண்டியில் தலதா மாளிகையின் ஊர்வலத் திருவிழாவான எசல பெரஹராவும் நடந்துகொண்டிருந்தது. வழியில் கண்டியில் ஓர் இரவு தங்குவோம் என்று எண்ணியவர்களுக்கு அறை கிடைக்கவில்லை. கிடைத்த ஒன்றின் வாடகையைக் கேட்டு நாங்களே தொலைபேசியை வைத்துவிட்டோம்.

ஆகவே பிறந்தநாள் எந்த மாதத்தில் விழுகிறது என்பதை வைத்து இடத்தைத் தெரிவு செய்ய வேண்டும். இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு மாதத்தை அதற்குள் திணிப்பது தவறு. சித்திரை முடிந்ததிலிருந்து புரட்டாதி வரை பிறந்தவர்களுக்கு நல்ல கடற்காலம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடல் அமைதியாக இருக்கும், புறாத் தீவுக்குப் படகு ஓடும். வெளியூர்க்காரர் பணம் கொடுத்து வருகிற அதே நாட்களில் நாம் வெளியே ஓடுகிறோம். காலையில் கன்னியா வெந்நீர்க் கிணறுகள், மாலையில் கோணேசர் கோயில் என்று ஒரு நாளை அமைத்துக்கொண்டால் தையலுக்கும் இரண்டு இரவுகள் மிஞ்சும். ஐப்பசி, கார்த்திகையில் பிறந்தவர்கள் நிலை வேறு. கடல் கொந்தளிக்கும், அடைமழையில் மலைவீதிகளில் மண்சரிவும் நேரும். அவர்கள் கொண்டாட்டத்தைத் தை மாதத்துக்கு அப்பால் தள்ளி வைப்பதில் ஒரு குறையும் இல்லை. எந்த மாதமானாலும் நாட்காட்டியில் போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறை நாளையும் பாடசாலை விடுமுறையையும் பார்த்த பின்னரே விடுதிக்கு முற்பணம் கட்டுங்கள். முற்பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

பணத்தைப் பற்றி ஒன்று மட்டும். சீட்டுப் பணம் வந்த மகிழ்ச்சியில் நூலுக்கும் வான் வண்டிக்கும் ஒரே பணப்பையிலிருந்து எடுத்தால், எது எவ்வளவு விழுங்கியது என்று பிறகு தெரியாது. இரண்டு கடித உறைகள் போதும்.

பெயர்த் துணி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். நுவரெலியாவில் ஒரு புள்ளடியும் விழவில்லை. திரும்பி வந்து மூன்று இரவுகள் விழித்து முடித்து, அவசரத்தில் குளிர்ந்த நீரில் தனியாக அலசிப் பாராமல் கழுவியதில், சிவப்பு நூலின் சாயம் கரையோரம் மெல்ல இறங்கியது. உடனே, உலரவிடாமல், தெளிந்த நீர் வரும்வரை பலமுறை அலசியதால் தப்பியது. உலர்ந்தபின் துவாயின் மேல் முகம் கவிழ்த்து அழுத்தி, துடக்குக் கழிவு வீட்டுக்குச் சட்டமில்லாமல் கொண்டுபோனேன். மச்சாள் ஒன்றும் சொல்லவில்லை. மாமி மட்டும் துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

பயணத்திலிருந்து வந்த கையோடு அதன் நினைவாகப் புதிய ஒன்றைத் தொடங்குவதும் இந்த வரிசையில் சேர வேண்டிய தவறே. தேயிலைத் தோட்டமும் பனிமூட்டமுமாக ஒரு கட்டப்படம் எனக்குக் கிடைத்தது. அகலம் 180 கட்டம், உயரம் 120. இம்முறை ஊசியை எடுக்கும் முன் பென்சிலை எடுத்தேன். 21,600 புள்ளடிகள், இரவுக்கு 180 வீதம் 120 இரவுகள், மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் 160. கட்டப்படத்தை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டுத் தலையணை உறையை வெளியே எடுத்தேன். அதன் நான்காவது மூலையில் இலைகள் மட்டும் இன்னும் பாக்கி.