உயிர்களை வகைபிரிக்கப் பழகுவோம்: இட்லி மாவு முதல் ஊருணி வரை

வகைப்பாட்டை மனப்பாடம் செய்தவர்கள்கூட, கையில் ஒரு பொருளைக் கொடுத்து “இது எந்த உலகம், தாவரமா, விலங்கா, பூஞ்சையா?” என்றால் முழிப்பார்கள். கேள்விகளை வரிசையாகக் கேட்கத் தெரிந்தால் போதும். செட்டிநாட்டில் நகரத்தார் “நீங்க எந்தக் கோயில்?” என்பார்கள், அதாவது எந்தக் குலக்கோயிலைச் சேர்ந்த வம்சம் என்று. இளையாத்தங்குடிக் கோயில் என்றால், அடுத்து “எந்தப் பிரிவு?” உயிரியலிலும் முதலில் பேருலகம் என்ற பெரிய பிரிவு, அப்புறம் அதற்குள் உலகம். இரண்டு இடத்திலும் சாயலைவிட வம்சம்தான் முக்கியம்.

புளித்த இட்லி மாவு, ஊருணித் தண்ணீர், ஒரு கத்தரிக்காய், கொஞ்சம் கல்பாசி எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி நுண்ணோக்கி கிடைத்தால் இன்னும் நல்லது.

படி 1: செல்லுக்குள் உட்கரு உண்டா?

கத்தரிக்காய், காளான், ஆடு, நாம் எல்லோருக்கும் உண்டு. ஆகவே யூகேரியா, அதாவது உட்கரு உள்ளவற்றின் பேருலகம். மாவைப் புளிக்க வைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாவுக்குக் கிடையாது. ஊருணியில் மிதக்கும் நீலப்பச்சைப்பாசிக்கும் கிடையாது, அதுவும் பாக்டீரியாவே.

படி 2: உட்கரு இல்லையா? பாக்டீரியாவா, ஆர்க்கியாவா?

ஆர்க்கியாவும் பாக்டீரியா போலவே உட்கரு இல்லாத நுண்ணுயிர்தான். நுண்ணோக்கியில் இரண்டையும் பிரித்தறிவது கஷ்டம். விஞ்ஞானிகள் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும், செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டு, 1977-ல் ஆர்க்கியா தனி வம்சம் என்று காட்டினார்கள். மூன்று பேருலகங்கள் என்ற திட்டம் 1990-ல் வந்தது. மாட்டின் வயிற்றில் மீத்தேன் உண்டாக்குபவை ஆர்க்கியாதான். பாக்டீரியாவைவிட அவை நமக்குத்தான் நெருங்கிய சொந்தம்!

படி 3: யூகேரியா என்றால், சாப்பாடு எப்படி?

வெயிலைக் கொண்டு தானே தயாரித்தால் தாவரம். விழுங்கிச் செரித்தால் விலங்கு. நொதியை வெளியே விட்டு, கரைந்ததை உறிஞ்சினால் பூஞ்சை. அதன் செல்சுவரில் கைட்டின் என்ற உறுதியான பொருள் இருக்கும். மூன்றிலும் அடங்காத அமீபா, பாரமீசியம் போன்றவை புரோட்டிஸ்டா. உண்மையில் அது வம்சம் பார்த்துச் சேர்த்த கூட்டம் இல்லை, மிச்சம் மீதியைப் போட்டுவைத்த இடம்.

இப்போது கல்பாசி. தண்ணீரில் ஊறவைத்து, பிளேடால் மிக மெல்லியதாகக் குறுக்கே சீவி, நுண்ணோக்கியில் வையுங்கள். வெளிறிய மேல்தோலுக்குச் சற்றுக் கீழே பச்சை உருண்டைகள், அவற்றைச் சுற்றி நிறமில்லாத இழைகள். (சரக்கு பழசானால் பச்சை மங்கியிருக்கும்.) உருண்டைகள் பாசி, இழைகள் பூஞ்சை. பாசி உணவு தயாரிக்கிறது, பூஞ்சை அதற்கு இடமும் ஈரமும் தருகிறது. அதாவது, கறி மசாலாவில் நாம் போடுவது இரண்டு உயிர்களின் கூட்டுக் குடித்தனம். அப்படியானால் எந்த உலகம்? இந்த மாதிரிக் கூட்டுயிர்களுக்குப் பூஞ்சையின் பெயரையே வைப்பது வழக்கம். அதனால் பூஞ்சை உலகம்.

தேர்வு எழுதுபவர்களுக்கு ஒரு விஷயம். விட்டேக்கர் 1969-ல் சொன்ன ஐந்துலக முறையைக் கேட்டால், பாக்டீரியாவை மோனிராவில் (உட்கரு இல்லாத உயிர்களின் உலகம்) எழுதுங்கள். பேருலகத்தைக் கேட்டால் பாக்டீரியா தனி, ஆர்க்கியா தனி. வைரஸுக்குச் செல்லே இல்லாததால் இரண்டு முறையிலும் இடமில்லை. முதல் படியிலேயே நின்றுவிடும்.