பள்ளியின் தேர்வு அறிக்கையை எப்படிப் படிப்பது?

அமெரிக்காவில் அரசுப் பள்ளி ஒன்றின் அறிக்கை கைக்கு வந்தால், தேர்ச்சி சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டு நல்ல பள்ளி, மோசமான பள்ளி என்று முடிவுகட்டாதீர்கள். தேர்ச்சிக்கான எல்லையை ஒவ்வொரு மாநிலமும் தானே வைத்துக்கொள்கிறது, அதனால் இரண்டு மாநிலங்களை ஒப்பிட வேண்டுமென்றால் நாடு முழுக்க மாதிரிக்குச் சில மாணவர்களை எடுத்து 4, 8-ஆம் வகுப்புகளில் நடத்தும் 'நேப்' (NAEP) தேர்வைப் பாருங்கள்.

அப்புறம் வளர்ச்சியைத் தேடுங்கள். ஐந்தாம் வகுப்பில் 40 சதவீதம்தான் தேர்ச்சி என்று வைத்துக்கொள்வோம், அதே பிள்ளைகள் போன வருடம் எங்கே இருந்தார்கள் என்று பார்த்தால்தான் ஆசிரியரின் உழைப்பு தெரியும்; வெறும் தேர்ச்சி எண்ணில் குடும்ப வருமானத்தின் சாயல்தான் அதிகம்.

பிரிவுவாரிப் பட்டியலை விட்டுவிடாதீர்கள். ஏழைப் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள், ஆங்கிலம் புதிதாகக் கற்பவர்கள் என்று தனித்தனியாகக் கணக்குக் காட்டச் சொன்னது 2002-இல் நாடு முழுமைக்கும் வந்த 'நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்' கல்விச் சட்டம், அதற்குப் பதிலாக வந்த 2015 சட்டமும் அதைக் கைவிடவில்லை. தேர்வே வேண்டாம் என்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: இந்தப் பிள்ளைகள் பின்தங்குவது வேறு எப்படி வெளியே தெரியும்? ஆனால் 2014-க்குள் எல்லோரும் தேர்ச்சி பெற வேண்டும் என்று அதே 2002 சட்டம் வைத்த இலக்கில் நியாயமே இல்லை. அட்லாண்டா நகரப் பள்ளிகளில் ஆசிரியர்கள் சிலரே பிள்ளைகளின் விடைகளை அழித்துத் திருத்தினார்கள், மதிப்பெண் அழுத்தம் அந்த அளவுக்குப் போனது.

சரி, ஊர்ப் பள்ளிகளை மேற்பார்க்கும் பள்ளி வாரியத்தின் கூட்டத்தில் என்ன கேட்பது? மாதிரித் தேர்வுகளுக்கு வருடத்தில் எத்தனை நாள் போகிறது, அறிவியலுக்கும் ஓவியத்துக்கும் வாரத்தில் எத்தனை மணி நேரம் மிஞ்சுகிறது என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்.